சொல்லிக் கொடுப்பதா, கண்ணாடியைக் கொடுப்பதா?

பல் சுத்தம் செய்யும் நாற்காலியில் உட்கார்ந்த யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார்கள்: "காலைல, ராத்திரி ரெண்டு வேளையும் நல்லா தேய்க்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்துடுங்க." அவர்களும் "ம்ம்" என்பார்கள். எச்சில் உறிஞ்சும் குழாய் வாயில் தொங்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? அந்த 'ம்ம்'மை நானும் பல வருஷம் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை அதே ஆள் வருவார், கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் அதே இடத்தில் அதே காறை இருக்கும்.

வாயால் சொல்லும் முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இரண்டு நிமிஷத்தில் முடியும், எதுவும் விட்டுப்போகாது. தகவலாக இருப்பதைச் சொன்னாலே போதும். பற்பசையில் ஃபுளோரைடு 1,350 முதல் 1,500 பிபிஎம் வரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், தேய்த்த பிறகு நுரையைத் துப்புங்கள், உடனே தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள் என்பதற்கெல்லாம் செய்முறை விளக்கம் தேவையில்லை. ஆனால் பல் தேய்ப்பது கைப்பழக்கம். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் பிரஷை 45 பாகை சாய்த்துப் பிடித்து மெல்ல அசைக்கும் பாஸ் முறையை வாயால் விளக்குவது, சைக்கிள் ஓட்டுவதைக் கடிதம் எழுதிக் கற்றுக்கொடுப்பது மாதிரி. பெரிய பிளாஸ்டிக் தாடையும் பெரிய பிரஷும் வைத்துக் காட்டினாலும் பாதிக் கிணறுதான். அந்தத் தாடையில் நாக்கும் கிடையாது, கன்னமும் கிடையாது.

இன்னொரு வழி, நோயாளியின் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிடுவது. உதட்டில் வாசலின் தடவி, சாய மாத்திரை ஒன்றை மென்று நாக்கால் எல்லாப் பக்கமும் பரப்பித் துப்பச் சொல்வேன். இரண்டு நிறச் சாயமாக இருந்தால் புதிதாகப் படிந்த பிளேக் (பல்லில் ஒட்டும் கிருமிப் படலம்) இளஞ்சிவப்பாகவும், நாள்பட்டது நீலமாகவும் தெரியும். முன்பல்லின் வெளிப்பக்கம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், சிரித்தால் தெரிகிற இடமல்லவா. கீழ்ப்பல்லின் உட்பக்கம் வரும்போதுதான் முகம் மாறும். "இங்க தேய்க்கிறேனே!" என்பார்கள். அவர்களுடைய பிரஷையே கொடுத்துத் தேய்த்துக் காட்டச் சொன்னால், அது அந்த இடத்தைத் தொடாமலே தாண்டிப் போவதை அவர்களே பார்த்துவிடுவார்கள். அதற்கப்புறம் நான் பேச அதிகம் மிச்சமிருக்காது.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. 1972-ல் ஓ'லியரி என்ற பல் மருத்துவரும் சகாக்களும் கொடுத்த முறை: ஒரு பல்லுக்கு நான்கு பக்கம், 28 பல் இருந்தால் 112 பக்கம். அதில் 45 பக்கத்தில் சாயம் ஒட்டியிருந்தால் 40 சதவீதம். இலக்கு 10 சதவீதத்துக்குள். "இன்னும் நல்லா தேய்க்கணும்" என்பதைவிட "40-ல் இருக்கிறீர்கள், அடுத்த முறை 25 பார்ப்போமா?" என்பது காதில் ஏறுகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கால் மணி நேரம் போய்விடும். நாக்கில் சாயம் நெடுநேரம் நிற்கும். சிலருக்கு இது அவமானமாகவே படுகிறது. ஒருவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, "நான் அழுக்குன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். தப்பு என்னுடையதுதான், அவரிடம் கேட்காமலே மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். அப்புறந்தான் மூன்றாவது வழியைப் படித்தேன். சொல்வதும் காட்டுவதும் பிறகு, முதலில் கேள். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதியதிலிருந்து வளர்ந்த முறை இது. "உங்கள் ஈறில் எது உங்களைத் தொந்தரவு செய்கிறது?" என்று கேட்டால் வாய் நாற்றம் என்பார், அல்லது அப்பாவுக்குச் சீக்கிரமே பல் எல்லாம் விழுந்துவிட்டது என்பார். பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்திவிட்டுக் கேட்க வேண்டும்.

கண்ணாடி ஒன்றும் மந்திரக்கோல் இல்லை. பிரிட்டனில் 2018-ல் முடிவு வெளியான 'ஐக்வாட்' ஆய்வு, ஆளுக்கேற்ற அறிவுரையையும் வழக்கமான அறிவுரையையும் மூன்று வருஷம் ஒப்பிட்டது. ஈறில் ரத்தம் கசிவதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் படித்து எனக்கும் சுருக்கென்றது. அதற்காகக் கண்ணாடியை மூட்டை கட்டவில்லை. ஒரு தடவை காட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பதைத்தான் விட்டேன்.

சிகிச்சையை எப்படிப் பிரிக்கிறோம் என்பதும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஆழமான பாக்கெட், அதாவது ஈறு பல்லை விட்டு விலகி உண்டான பள்ளம், உள்ளவருக்கு வாயை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பகுதி சுத்தம் செய்வது பழைய வழி. சுத்தம் செய்யாத பக்கத்திலிருந்து கிருமி மறுபடி பரவும், 24 மணி நேரத்துக்குள் முழு வாயையும் முடித்துவிட வேண்டும் என்று 1995-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு சொன்னது. பிறகு வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால், எது மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவில்லை. அதனால் ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம். அடிக்கடி லீவு போட முடியாதவருக்கும், இதயக் கோளாறால் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டியவருக்கும் ஒரேயடியாக முடிப்பது சௌகரியம். ஆனால் கீழ்த்தாடை இரண்டு பக்கமும் மரத்துப்போய், நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் வீடு போய்ச் சேர வேண்டும்.

எனக்குப் பகுதி பகுதியாகச் செய்வதுதான் பிடித்திருக்கிறது. காரணம் கிருமி இல்லை. ஒரு பக்கம் சுத்தம் செய்து ஒரு வாரம் கழித்து வருபவர், "இந்தப் பக்கம் ரத்தம் வரல, அந்தப் பக்கம் இன்னும் வருது" என்று தானாகச் சொல்கிறார். அதோடு நான்கு தடவை வந்தால் நான்கு தடவை கண்ணாடி பார்க்கலாம். பாக்கெட் இல்லாத வெறும் ஈறு வீக்கத்துக்கு இதெல்லாம் வேண்டியதில்லை, ஒரே நாளில் முடித்து அனுப்பலாம்.

ரத்தம் என்றதும் ஒன்று. ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் போடாமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்கிற காரியம். அவர்களுக்கு 1965-ல் ஈறுநோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு செய்த சோதனையைச் சொல்வேன். நல்ல ஈறுள்ள 12 பேர் பல் தேய்ப்பதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. கசிகிற இடம்தான் பிரஷ் போக வேண்டிய இடம் என்பது இந்தக் கதையில் சட்டென்று பிடிபடுகிறது.

எப்போது திரும்ப வருவது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. எல்லோருக்கும் ஆறு மாசம் என்பது பழக்கதோஷம். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2004-லேயே பெரியவர்களுக்கு ஆபத்தைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை என்று வகுத்துவிட்டது. ஈறு நல்லபடியாக இருப்பவரை வருஷத்துக்கு இரண்டு முறை இழுத்தடிக்க வேண்டாம். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்தவரை ஆறு மாதம் விட்டுவைக்கவும் கூடாது. நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவர், சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7 சதவீதத்தைத் தொட்ட சர்க்கரை நோயாளி இருவரையும் 2017-ன் ஈறுநோய் வகைப்பாடு வேகமாக முற்றக்கூடிய 'சி' தரத்தில் வைக்கிறது. அவர்கள் மூன்று மாதத்தில் வர வேண்டும்.

பாக்கெட்டின் ஆழத்தை அளவு எடுக்கத் தொடங்கும் முன் இப்போது ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: "எண்களைச் சத்தமாகப் படிப்பேன். மூன்று மில்லிமீட்டர் வரைக்கும் கவலையில்லை, நாலும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டியது." பல்லுக்கு ஆறு இடம், ப்ரோப் என்ற மெல்லிய அளவுக் கம்பி ஈறுக்குள் இறங்கும், உதவியாளர் குறித்துக்கொள்வார். "ரெண்டு, மூணு, ரெண்டு... மூணு, நாலு, ஆறு." நாற்காலியில் இருப்பவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்கிறார். குழாயை எடுக்கிறேன்.

"ஆறுன்னீங்களே, அது எந்தப் பல்?"