பாதத் தாங்கிகள்: ஜெல் இன்சோல் முதல் அளவெடுத்துச் செய்வது வரை

பாத வலிக்காகக் காலணிக்குள் வைக்கும் தாங்கிகளை வாங்கும்போது, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருப்பதைத்தான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் பயன்படுத்திப் பார்த்தவற்றில் மிகக் குறைவாக உதவியது அந்த வகைதான். முழுநீள ஜெல் இன்சோல் கால் வைத்தவுடன் சுகமாக இருக்கிறது. ஆனால் உடல் எடை முழுவதும் இறங்கியதும் அதன் உள்வளைவுப் பகுதி அமுங்கிவிடுவதால், பாத வளைவைத் தாங்கும் வேலையை அது செய்வதே இல்லை. கெட்டியான தரையில் நெடுநேரம் நின்று வேலை செய்பவர்கள் அதிர்வைக் குறைக்கும் மெத்தையாக அதை வாங்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குத்துகிற குதிகால் வலிக்கு, குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை நீளும் தடித்த திசுப்பட்டைக்கு ஏற்படும் பாதிப்பே பெரும்பாலும் காரணம். இதற்கு நான் பரிந்துரைப்பது முக்கால் நீளமுள்ள, ஓரளவு விறைப்பான ஆர்ச் சப்போர்ட், அதாவது பாத வளைவுத் தாங்கி. கீழே எளிதில் வளையாத பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் ஓடு, மேலே ஈவிஏ எனும் நுரைப்பொருளாலான மெல்லிய ஃபோம், குதிகாலைச் சுற்றி ஆழமான கிண்ணம் என்று அமைந்த இது, நடக்கையில் வளைவு தாழ்வதைக் கட்டுப்படுத்தி அந்தப் பட்டையின் மேல் விழும் இழுவிசையைத் தணிக்கிறது. தொடக்கத்தில் உள்ளங்காலில் எதையோ மிதித்துக்கொண்டே நடப்பதுபோல் இருக்கும் என்பதால், முதல் நாள் ஓரிரு மணி நேரம் மட்டும் அணிந்து, பிறகு சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்ட வேண்டும். சில வாரங்களுக்குப் பிறகும் உறுத்தல் நீடித்தால் அந்த வளைவின் உயரம் உங்கள் பாதத்திற்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

அளவெடுத்துச் செய்யும் தாங்கிக்கு மாவுக்கட்டு வார்ப்பு, ஃபோம் பெட்டியில் பதியும் தடம், முப்பரிமாண ஸ்கேன் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு முறையில் பாதத்தின் வடிவத்தை எடுக்கிறார்கள். வேலைப்பாடு நேர்த்தியானதுதான், விலையும் அதற்கேற்பவே இருக்கிறது. ஆயினும் சாதாரணக் குதிகால் வலியைப் பொறுத்தவரை, கடையில் அப்படியே கிடைக்கும் ஆயத்தத் தாங்கியைவிட இது தெளிவாக மேம்பட்டது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே முதலில் ஆயத்தத் தாங்கியைப் பயன்படுத்திப் பார்ப்பதே விவேகம். பாதத்தின் வடிவமே மாறியிருப்பவர்களுக்கும், வளைவு மிக உயர்ந்திருப்பவர்களுக்கும் மட்டும் அளவெடுத்துச் செய்வது பொருள் உள்ள செலவு.

விரல்களுக்குப் பின்னாலுள்ள முன்பாத எலும்பு முனைகளில் வலிப்பவர்களுக்கான சிறு திண்டு, விலை மலிவானது என்றாலும் ஒட்டும் இடம் தவறினால் தீங்கே செய்யும். வலிக்கும் இடத்திற்கு நேர் கீழே ஒட்டத்தான் கை போகும்; அதுவோ அழுத்தத்தை மேலும் கூட்டும். வலிக்கும் இடத்திற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்டினால்தான் எடை அந்த முனைகளைவிட்டு விலகும். பெட்டியிலுள்ள படங்கள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கலாம். பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்வதற்கு விற்கப்படும் சிலிக்கான் பிரிப்பான்கள் உரசலைக் குறைக்கும், எலும்பை நேராக்கா.

நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் மேற்சொன்ன எதையும் தாமாக வாங்கக் கூடாது. விறைப்பான ஓடு புண் உண்டாக்கினாலும் அவர்களுக்குத் தெரியாது. பாதம் முழுவதையும் ஒட்டித் தாங்கி அழுத்தத்தைப் பரப்பும் மென்மையான தாங்கியை மருத்துவர் வழியாகவே பெற்று, தினமும் பாதத்தைப் பார்த்துவர வேண்டும். அதேபோல் முன்பாதம் தூக்க முடியாமல் தொங்குபவர்களுக்கான கணுக்கால்–பாதத் தாங்கியும் வல்லுநர் பொருத்த வேண்டியதே. வலியில்லாத, விரலில் ஊன்றி நின்றால் வளைவு தெரிகிற குழந்தைகளின் தட்டைப் பாதத்திற்குப் பொதுவாக எதுவும் தேவையில்லை.

எந்த வகையானாலும், காலணியோடு வந்த இன்சோலை எடுத்துவிட்டுத்தான் முழுநீளத் தாங்கியை வைக்க வேண்டும். இல்லையேல் குதிகால் மேலெழும்பிக் காலணியிலிருந்து நழுவும். குதிகால் பகுதி உறுதியாகவும் உள்ளே போதிய ஆழத்துடனும் உள்ள காலணி இல்லாமல் தாங்கியை மட்டும் வாங்குவது வீண். ஃபோம் அடுக்கு தட்டையாகிப் பழைய வடிவத்திற்குத் திரும்பவில்லை என்றால், மேல்துணி புதிதுபோல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.