மூன்று ஊசி, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை

வீட்டில் வயதான பூனை இருக்கிறவர்கள், அதிலும் எங்களைப் போல இலங்கையில் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவர்கள், இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அந்த ஆளின் பெயரையோ டவுனையோ சொல்லப் போவதில்லை. அவர் என்ன செய்தார், நான் எங்கே ஏமாந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் சொக்கிக்கு 14 வயது. நான் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கத் தொடங்கிய வருடம், லய வீட்டு வரிசைக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் கிடந்த குட்டி. பூனைக்கு 14 என்றால் மனிதக் கணக்கில் 70ஐத் தாண்டிய கிழவி. ஆனால் ஒரு நாளும் கிழவி மாதிரி இருந்ததில்லை. அம்மா கருவாடு சுட்டால் போதும், இஸ்தோப்பில் எங்கே சுருண்டு கிடந்தாலும் அடுப்படிக்கு வந்து காலைச் சுற்றுவாள்.

தைப்பொங்கல் முடிந்து இரண்டாம் நாள். வைத்த சோறும் நெத்தலியும் அப்படியே இருந்தன. தட்டுக்குக் கிட்டே போனாள், முகர்ந்தாள், ஒரு வாய் எடுத்தாள். உடனே தலையை இடது பக்கமாக ஒரு உதறு உதறி, கீழே துப்பிவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "பொங்கலுக்கு வந்ததுகள் எல்லாம் கண்டதையும் ஊட்டியிருக்கும், வயிறு மந்தம்" என்றார் அம்மா. நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்தத் தலை உதறலிலேயே பாதி விஷயம் இருந்தது என்பது எனக்குத் தெரிய இன்னும் பத்து நாள் ஆனது.

மறுநாளும் சாப்பிடவில்லை. அரசாங்க மிருக வைத்தியர் காரியாலயத்துக்குப் போனேன். டொக்டர் மாடுகளுக்குச் சினை ஊசி போட வெளியே போயிருந்தார். பிழை சொல்ல முடியாது, எங்கள் பக்கத்தில் அவர்களுக்கு மாட்டு வேலையே தலைக்கு மேல். திரும்பும் வழியில் திரீவீல் தம்பிதான் இந்த ஆளைப் பற்றிச் சொன்னான். கோழித் தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு அறை. வெளியே நாய், பூனை, கிளி படம் போட்ட பலகை. உள்ளே வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அதற்கு மேல் நான் என்ன கேட்பேன்?

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவர் சொக்கியைக் கூடையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. நிறுக்கவில்லை. காய்ச்சல் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப் கழுத்திலேயே தொங்கியது. வயசு மட்டும் கேட்டார்.

"14ஆ? அப்ப இனி இப்படித்தான் டீச்சர். வயசாயிருச்சுன்னா பசி செத்துரும். ஒரு ஊசி போட்டா எல்லாம் சரியாயிரும்."

மருந்துப் போத்தலை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டு ஊசியில் ஏற்றினார். 2,500 ரூபா. பில் இல்லை, சீட்டு இல்லை.

அன்று இரவு சொக்கி தட்டை வழித்து நக்கினாள். பிறகு இன்னும் கேட்டாள். கைராசிக்காரர் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் நானே சொன்னேன். வெட்கக்கேடு.

அந்தப் பசி இரண்டு நாள் நின்றது. மறுபடி கூட்டிக்கொண்டு போனேன். இன்னொரு 2,500, அதோடு 1,200க்குச் சின்னப் பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் ஒரு வெள்ளைத் தூள். இந்த முறை ஒரு நாள் சாப்பிட்டாள். மூன்றாவது ஊசிக்கு அரை நாள்கூட இல்லை. இடையில் இன்னொன்றும் கவனித்தேன். தண்ணீர் பீலியடியில் போய் நின்றுகொண்டு குடித்துக்கொண்டே இருந்தாள். அவள் மூத்திரம் போக வைத்த சாம்பல் தட்டு சேறாகக் கிடந்தது. அதைச் சொன்னதற்கு, "குளிருக்கு மூத்திரம் கூடத்தான் போகும்" என்றார். தை மாதக் குளிரில் யாருக்குத்தான் போகாது என்று நானும் தலையாட்டினேன்.

மொத்தம் 8,700 ரூபா. காசு போனது போகட்டும், போன நாட்கள்தான் அதைவிட மோசம்.

ஒன்பதாம் நாள் அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகும்போது கூடையையும் தூக்கிக்கொண்டு போனார். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே கூடையைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். கூடையின் நிறையைக் கழித்தால் 2.9 கிலோ. போன தீபாவளி சமயம் இதே தராசில் விளையாட்டுக்கு நிறுத்தபோது 4.3 கிலோ. கணக்கப்பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் அம்மா காதை மடித்துப் பார்த்தார். உள்பக்கம் மஞ்சள் பூசின மாதிரி இருந்தது.

மறுநாள் விடிய முதல் பஸ். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மடியில் கூடையை வைத்துக்கொண்டு, மேலே அப்பாயியின் பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேராதனைக்குப் போனோம். பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது. ஒரு சின்ன வயது டொக்டர். முதலில் நிறுத்தார், பிறகு காய்ச்சல் பார்த்தார், பிறகு தலையை மெதுவாக மேலே சாய்த்து இரண்டு விரலால் வாயைத் திறந்தார். அடித்த நாற்றத்தில் எனக்கே முகம் சுளித்தது. இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு குழி, அந்தக் குழிக்குள் பல் முரசு, அதாவது ஈறு, சிவப்பாக வளர்ந்து ஏறியிருந்தது. பஞ்சுக் குச்சியால் லேசாகத் தொட்டார். சொக்கியின் தாடை தானாகவே கிடுகிடு என்று அடித்துக்கொண்டது. அவ்வளவு வலி.

வயதான பூனைகளுக்குப் பல் இப்படி உள்ளுக்குள் கரைவது சர்வசாதாரணமாம். பசி இருக்கும், தட்டுக்கு வரும், கடித்ததும் வலியில் பின்வாங்கும். தட்டுப் பக்கமே திரும்பாமல், வாசம் வந்தாலே உதட்டை நக்கி எச்சில் விழுங்கினால் அது பெரும்பாலும் குமட்டல். பூனைக்குப் 'பசியில்லை' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் இப்படி இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது. சொக்கிக்கு இரண்டுமே இருந்தது. தண்ணீர் அவ்வளவு குடித்தது சிறுநீரகத்தால். இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, ஏறியிருந்தது. சிறுநீரகம் முக்கால்வாசி பழுதான பிறகுதான் அந்த எண் ஏறத் தொடங்குமாம். ஆக இது பொங்கலுக்கு வந்த வியாதி அல்ல. மெல்ல மெல்ல வந்ததை நாங்கள் கிழட்டுத்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

மஞ்சள் நிறம் மட்டும் புதிது. சாப்பாடு நின்றால் பூனையின் உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்புகிறது. பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது, கொழுப்பிலேயே மூழ்கிப்போகிறது. இரண்டு மூன்று நாள் பட்டினியிலேயே தொடங்கிவிடலாம், குண்டுப் பூனை என்றால் இன்னும் ஆபத்து. நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து எழும்பிவிடும், பூனையை அப்படி நினைத்து விடக்கூடாது. அதற்கு முக்கியமான மருந்தும் சாப்பாடுதான், எப்படியாவது உள்ளே போக வேண்டும்.

அதற்குப் பிறகு டொக்டர் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. "இதுக்கு முதல்ல என்ன ஊசி போட்டாங்க?"

"பசிக்கு ஒரு ஊசி. மூணு தடவை."

"பேர்?"

பிள்ளைகளிடம் திகதி எழுதாத கொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறவள் நான். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வெளியே வந்து அந்த ஆளுக்குப் போன் பண்ணினேன்.

"விட்டமின்தான் டீச்சர்."

"எந்த விட்டமின்? இங்க டொக்டர் பேர் கேக்கிறாங்க."

"போத்தல் முடிஞ்சிருச்சு, வீசிட்டேன்."

அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை, எனக்கு மட்டும்.

ஒரே இரவில் அப்படிப் பசி எடுத்து, இரண்டு நாளில் இறங்கியதைக் கேட்டதும் ஸ்டீரோய்டாக இருக்கலாம் என்று அங்கே சந்தேகப்பட்டார்கள். அது பசியைத் தூண்டும், வலியையும் காய்ச்சலையும் அமுக்கிவிடும், பூனை சுகமான மாதிரி இருக்கும். உள்ளே பழுதான பல் அப்படியே இருக்கும். ஆனால் சந்தேகம் சந்தேகம்தான். பெயர் தெரியாததால் வந்த வில்லங்கம் ஒன்றா இரண்டா? பல் வலிக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஒரு வகை மருந்து ஸ்டீரோய்டோடு சேர்ந்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகத்தையும் அடிக்கும். அதனால் அதைத் தொடவே முடியவில்லை, வேறு வழி தேடினார்கள். இரத்தத்தில் சர்க்கரையும் ஏறியிருந்தது. பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறும், ஸ்டீரோய்டாலும் ஏறும், உண்மையாகவே சர்க்கரை வியாதியாகவும் இருக்கலாம். எது என்று பிரிக்கத் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்க வேண்டி வந்தது. ஒரு சொல் தெரியாததற்கு அவள் காலில் எத்தனை குத்து.

கண்டியில் சித்தி வீட்டில் தங்கி ஐந்து நாள் சேலைனுக்கும் குமட்டல் ஊசிக்கும் அலைந்தோம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டுச் சாப்பாட்டைத் தண்ணீராகக் கொடுத்தோம். பல நாள் பட்டினி கிடந்த உடம்பு என்பதால் முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என்றுதான் கூட்ட வேண்டும். மூன்று கிழமை கழித்து, ஈரல் தேறிய பிறகுதான் மயக்க மருந்து கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காலையில் போனோம், மாலையில் வந்தோம். இரண்டு நாளில் தானாகவே தட்டுக்கு வந்தாள்.

உங்கள் பூனை ஒரு முழு நாள் வாயில் எதுவும் வைக்கவில்லை என்றால், வயதானது என்றால், அடுத்த நாளைக்கு என்று தள்ளாதீர்கள். காட்டுகிறவர் நிறுக்கிறாரா, வாயைத் திறந்து பார்க்கிறாரா என்று பாருங்கள். இலங்கை மிருக வைத்திய சபையில் பதிந்தவர்தானா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். உண்மையான டொக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஊசி போட்டால் போத்தலைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க விடவில்லை என்றால் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். வழியில் பாமசியில் யாராவது "பாதிப் பெனடோல் குடுங்க" என்பார்கள். கொடுக்கவே வேண்டாம், பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு, ஒரு குளிசையே கொல்லும். எங்கள் பக்கத்து லயத்துப் பெரியம்மாவும் அன்பாகத்தான் அதைச் சொன்னார்.

இன்னொன்று, மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும். இந்தக் குளிரில் தட்டில் வைத்த மீன் பத்து நிமிடத்தில் விறைத்துவிடும், வாசம் செத்துவிடும். கிழட்டுப் பூனைக்கு மூக்கும் மந்தம். சுடுதண்ணீரில் கிண்ணத்தை வைத்து, கைக்கு இளஞ்சூடாக இருக்கிற அளவுக்கு ஆக்கிக் கொடுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு மட்டும் வேண்டாம், அது பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும்.

சொக்கி இப்போது 3.4 கிலோ. சிறுநீரகம் திரும்பி வராது, அதற்கென்று தனிச் சாப்பாடு, மாதம் ஒரு முறை மடுவத்துத் தராசு. கணக்கப்பிள்ளை அவளுக்கென்று கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.

மிருக வைத்திய சபைக்கு முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். திகதிகள் எழுதினேன், கொடுத்த தொகை எழுதினேன். கொடுத்த மருந்து என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அந்தத் தூளில் இரண்டு பாக்கெட் மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைப் பழைய மா டின்னில் போட்டு, சொக்கிக்கு எட்டாத மேல் தட்டில் வைத்திருக்கிறேன். கடிதத்தோடு அதையும் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருக்கிறேன்.