சுங்கை சிப்புட்டா, கோலாலம்பூரா?

வேலையை விட்டுவிட்டு எழுத்தையே பிழைப்பாக்கிக்கொள்ள முடிவு செய்தபோது எழுந்த முதல் கேள்வி: எங்கே உட்கார்ந்து எழுதுவது?

கோலாலம்பூரில் தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது, நூல் வெளியீடுகள் நடக்கின்றன, மொழிபெயர்ப்பு வேலையும் கிடைக்கும். ஆனால் அறை வாடகைக்காக அந்த மொழிபெயர்ப்பையே நாள் முழுக்கச் செய்ய வேண்டிவரும். அப்புறம் கதை எப்போது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் என் ஊரான சிப்புட்டில் வாடகை இல்லை, அம்மா சமையல் உண்டு (இதைக் கணக்கில் சேர்க்காதவன் பொய் சொல்கிறான்). தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய தலைமுறை இன்னும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். அதனால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு கிளம்பிய கதைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியானதையும் அவர்கள்தான் சொல்வார்கள். தொல்லை ஒன்றுதான். பகலில் வீட்டில் இருப்பவனைப் பார்த்து, "வேலை கெடைக்கலையா தம்பி?" என்று தெருவே விசாரிக்கும்.

பத்திரிகை விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019-இல் நின்றுவிட்டது.

சரி, நான் சிப்புட்டில்தான் இருக்கிறேன். மாதம் ஒருமுறை ரயிலேறிக் கோலாலம்பூர் போய், புத்தகப் பையோடு மறுநாள் திரும்பிவிடுகிறேன்.