தாரை விட்டு இறங்கக் கூடாத சைக்கிள் சவாரி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கோர் டலேன் ஏரிக்கரை ஊரான ஹாரிசனுக்கு ஸ்போகேனிலிருந்து போன கோடையில் குடும்பத்தோடு போனோம். ஏறத்தாழ 73 மைல் நீளமுள்ள சைக்கிள் பாதை அந்த ஊர் வழியாகப் போகிறது. நாங்கள் ஓட்டியது போக வர 12 மைல்தான்.

பாதைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். பழைய ரயில் தடம் என்பதால் மேடே கிடையாது. எட்டு வயது மகள் ஓர் இடத்தில்கூட இறங்கித் தள்ளவில்லை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அல்லி படர்ந்த சின்ன ஏரிகள்.

வாடகை சைக்கிளுக்கு இரண்டுதான். கடைப் பெயர் வேண்டாம். என் சீட் மைலுக்கு ஒரு விரற்கடை இறங்கிக்கொண்டே போனது, அதைக்கூட விட்டுவிடலாம். ஹெல்மெட், பூட்டு, வரைபடம் எல்லாம் எடுத்துக் கொடுத்தவர், கரை மண்ணில் குழந்தையை விளையாட விடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மகள் தண்ணீரோரம் குந்தி, சேற்றில் இட்லி தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. பாதையை விட்டு இறங்க வேண்டாம், சாப்பிடும் முன் கை, முகம் கழுவுங்கள், செருப்பு மண்ணை உதறிவிட்டுப் போங்கள். காரணம், ஈயம். அரைத்த மாவு போல நைசான சாம்பல் நிறச் சேறு அவள் நகக்கண்ணெல்லாம் ஏறியிருந்தது. கொண்டுபோன குடிதண்ணீர் அத்தனையும் அந்தப் பத்து விரலுக்கே போனது.

கிழக்கே மலைக்குள் இருப்பது சில்வர் வேலி என்ற பள்ளத்தாக்கு. 1880களிலிருந்து வெள்ளி, ஈயம், துத்தநாகச் சுரங்கங்கள். பாறையை இடித்துத் தாதுவை எடுத்த பிறகு மிஞ்சிய கழிவை 1968 வரை ஆற்றில்தான் விட்டார்கள். ஆறு இழுத்து வந்து ஏரியடியில் படியவைத்த வண்டல் சுமார் 7.5 கோடி டன். அதில் ஈயம், துத்தநாகம், காட்மியம், ஆர்செனிக். குழாயைச் செருகி வண்டலை எடுத்தால், 1980-ல் வெடித்த செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் சாம்பல் தனிக் கோடாகத் தெரியும். எது எந்தக் காலத்துச் சேறு என்று பிரிக்க அதுதான் அடையாளம். கோட்டுக்கு மேலேயும் ஈயம் இருக்கிறது. ஆற்றுப் படுகையில் தங்கிய பழைய கழிவை ஒவ்வொரு வெள்ளமும் அரித்துக் கொண்டுவருகிறதே! கிழங்குக்காகச் சேற்றைக் கிளறும் அன்னங்கள், சேற்றையும் சேர்த்து விழுங்கி ஈய நஞ்சேறிச் சாகின்றன.

ஏரியடியில் ஆக்சிஜன் இருக்கும்வரை சில உலோகங்கள் இரும்புத் துகளோடு ஒட்டிக் கிடக்கும். அது குறைந்தால் கரைந்து தண்ணீருக்கு வந்துவிடும். உரமும் சாக்கடையும் ஏரியில் சேர்ந்தால் பாசி பெருகி, அழுகி, அடி ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று பயப்படுவது அதனால்தான்.

நாங்கள் ஓட்டிய பாதையே ஒரு மூடிதான். தண்டவாளத்தின் அடியில் கொட்டியிருந்ததும் சுரங்கக் கழிவு. அதன் மேல் தார் போட்டு மூடி சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். இதை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை, நல்ல தார்.

மறுபடி போவோம், ஆனால் சொந்த சைக்கிளில். போகிறவர்கள் கை கழுவவென்றே இரண்டு லிட்டர் தண்ணீர் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாது. மாற்றுச் செருப்பும் வேண்டும். மகளுடைய பழைய செருப்பு இன்னும் பையில் கட்டி பால்கனியில்தான் கிடக்கிறது.