ஓடை வழியா, மேட்டுத் தடமா? நான் தடத்துக்கு மாறியது ஏன்

ஆஃப்ரோடு பூங்காவுக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் வழி இரண்டாகப் பிரியும். ஒன்று மரங்களுக்கு நடுவே மேடேறிப் போகும் மண் தடம். இன்னொன்று சரிவில் இறங்கி, ஓடையை நாலைந்து இடத்தில் கடந்து போகிற வழி. குவாட் (பைக் போல் ஏறி உட்கார்ந்து மேடு பள்ளத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) வாங்கிய முதல் இரண்டு வருடம் நான் யோசிக்காமல் ஓடைப் பக்கம்தான் வண்டியைத் திருப்புவேன். இப்போது பத்து முறை போனால் எட்டு முறை மேட்டுத் தடம். வண்டி அதேதான், ஓட்டுகிற ஆளும் அதே ஆள்தான்.

எது அதிக சந்தோஷம் என்ற கேள்வியில் சொல்ல அதிகம் இல்லை. வெயிலில் ஓடை குளுகுளுவென்று இருக்கும், தூசி கிடையாது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது மனசு துள்ளும். தடத்தில் வேகம் உண்டு, வளைவு உண்டு, ஏற்றத்தின் உச்சியில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் சுகம் உண்டு. இரண்டும் நல்லவைதான்.

தடத்தின் நிலையை மண்தான் தீர்மானிக்கிறது. மணல் கலந்த மண்ணாக இருந்தால், நல்ல மழை பெய்த மறுநாள்தான் அதற்குத் திருநாள். தூசி அடங்கி, டயர் மண்ணைக் கவ்விப் பிடிக்கும். களிமண்ணில் கதையே வேறு. டயரின் பற்களுக்கிடையில் களி அப்பிக்கொண்டு, பத்தே நிமிடத்தில் நான்கு சக்கரமும் வழவழப்பான உருளையாகிவிடும். அதனால் உள்ளே போனதும் வண்டியை நிறுத்தி, தடத்தின் ஓரத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்கிப் பார்ப்பேன். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர்ந்தால் சரி. கட்டைவிரலால் அழுத்தும்போது நாடா மாதிரி நீண்டு வந்தால், அன்றைக்குச் செங்குத்தான ஏற்றங்களை விட்டுவிடுவேன். ஈரக் களியில் ஓட்டினால் ஆழமாகப் பள்ளம் விழும், அடுத்த மழையில் அந்தப் பள்ளமே வாய்க்காலாகித் தடத்தை அரித்துக்கொண்டு போகும்.

வறண்ட நாளில் முன்னே போகிற வண்டியின் தூசிதான் எதிரி. இடைவெளி விட்டுப் போக வேண்டியதுதான். வளைவுக்கு முன்னால் எல்லோரும் பிரேக் பிடிக்கிற இடத்தில் அலை அலையாகக் குலுக்கு மேடுகள் உண்டாகியிருக்கும், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். தடத்தைச் சாய்வாகக் குறுக்கிடும் ஈரமான வேர் ரொம்ப ஆபத்து, டயர் வேரோடு சறுக்கி வண்டியை ஓரத்துக்கு இழுத்துவிடும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சங்கடங்கள்.

ஓடையில் பிரச்சினைகள் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்? தெளிந்த தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால், உண்மையான ஆழத்தில் நான்கில் ஒரு பங்கு குறைவாகத்தான் கண்ணுக்குத் தெரியும். சிறு சிறு அலையாகச் சலசலத்து ஓடும் இடத்தில் கல் பரப்பு மேலாக இருக்கும். அசையாமல் கண்ணாடி போல் கிடக்கும் இடம்தான் மடு. குவாட் டயரில் காற்று 5 முதல் 7 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். அந்த உப்பிய டயர் ஆழமான தண்ணீரில் மிதக்கப் பார்க்கும், பிடிமானம் போனதும் நீரோட்டம் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். கால் வைக்கும் பலகைக்கு மேல் தண்ணீர் வரும் என்று தோன்றினால் இறங்கக் கூடாது என்பது என் எல்லை.

இன்னொன்று, கரையேறும் இடம். ஒவ்வொரு வண்டியும் நனைந்த டயரோடு ஏறுவதால் அந்த மண்ணில் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சகதியாகிவிடும். காலையில் முதலில் போனவர் சுலபமாக ஏறிய கரையில் மதியம் நாம் சிக்கிக்கொள்வோம். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மேலே எங்கோ பெய்த மழை சில மணி நேரம் கழித்து ஓடையில் வந்து சேரும். தண்ணீர் பழுப்பாகி, சுள்ளியும் சருகும் மிதந்து வரத் தொடங்கினால் கடப்பதை மறந்துவிட்டுத் திரும்புவதுதான் சரி.

இவ்வளவையும் பழகிக்கொள்ளலாம், நானும் பழகிக்கொண்டேன். என்னை ஓடையிலிருந்து விலக்கியது வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதுதான். நாம் கரையேறிவிடுகிறோம், தண்ணீர் வண்டியை விட்டு இறங்குவதில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில் பின்பக்க இடது சக்கரத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். லொடலொடவென்று ஆடியது. பேரிங்கைக் கழற்றினால் உள்ளே கிரீஸ் என்ற பொருளே இல்லை. துரு நிறத்தில் கலங்கிய தண்ணீரும், விரலில் நெருடும் பொடி மணலும்தான் இருந்தன. சந்தேகம் வந்து பின் டிஃபரன்ஷியலின் (இன்ஜின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) வடிகால் திருகைத் திறந்தேன். ஒளி ஊடுருவும் தேன் நிறத்தில் வர வேண்டிய ஆயில், பால் கலந்தது போல் வெளுத்துக் கெட்டியாக வழிந்தது. தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகக் கடைந்த கலவை அது. இரண்டு முறை புது ஆயில் ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, வடித்த பிறகுதான் நிறம் திரும்பியது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? மேடேறி இறங்கிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஓடையில் சட்டென்று முங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். டிஃபரன்ஷியலுக்குக் காற்று போய்வர வைத்திருக்கும் காற்றுவாரிக் குழாய் உயரத்தில் திறந்திருந்தால் அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். என் வண்டியில் அந்தக் குழாயின் வாயில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. ஆகவே சீலின் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. நான் மெதுவாகத்தான் கடந்தேன், ஆழமும் அதிகமில்லை, ஆனாலும் இப்படி ஆனது.

இன்ஜின் விசை பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குப் போகும் பெல்ட் டிரைவ் வண்டியாக இருந்தால் இன்னொரு தொல்லை. பெல்ட் அறைக்குள் தண்ணீர் போனால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. அடியில் உள்ள வடிகாலைத் திறந்துவிட்டு, நியூட்ரலில் சிறிது நேரம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து உலர்த்த வேண்டும். இன்ஜின் காற்றை இழுக்கும் ஏர் பாக்ஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே தண்ணீர் போய் வண்டி நின்றால், தயவுசெய்து ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதன் மேல் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

ஓடைக்குப் போன அன்று மாலை எனக்கு இரண்டு மணி நேரம் வேலை இருக்கும். சாதாரணக் குழாயால் கழுவுவது (அதிக அழுத்தத்தில் பீய்ச்சினால் சீலைத் தாண்டி உள்ளே தண்ணீரை நாமே ஏற்றிவிடுவோம்), நான்கு சக்கரத்தையும் தூக்கி ஆட்டிப் பார்ப்பது, டிஃபரன்ஷியல் ஆயிலின் நிறம் பார்ப்பது, ஒவ்வொரு கிரீஸ் நிப்பிளிலும் (கிரீஸ் ஏற்றும் வாய்) பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியதை அடிப்பது, மணல் அரைத்த பிரேக் பேடின் கனம் பார்ப்பது. மேட்டுத் தடம் என்றால் ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் தடவி, ரேடியேட்டரில் அப்பிய மண்ணை நீக்கினால் அரை மணியில் முடிந்துவிடும். பிறகு விற்கப் போனாலும், விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது ஆயிலின் நிறத்தையும் சக்கரத்தின் ஆட்டத்தையும்தான்.

கார் போல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் சைட்-பை-சைட் வண்டி நான் ஓட்டியது மொத்தம் மூன்று நாள். உயரமும் எடையும் கூடுதல் என்பதால் ஓடையில் அது அமைதியாகக் கடந்தது. நீண்ட காலப் பராமரிப்பு பற்றி அந்த மூன்று நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டு சக்கர டர்ட் பைக்கை நான் தண்ணீரில் இறக்கியதே இல்லை.

எந்த வண்டியானாலும், குறியிட்ட கடவில் மட்டும் குறுக்காகக் கடந்து போங்கள், ஓடையின் நீளவாக்கில் ஓட்டாதீர்கள். டயர் கிளப்பும் வண்டல் கூழாங்கற்களின் இடுக்கில் படிந்து, அங்கே இருக்கும் மீன் முட்டைகளை மூச்சுத் திணற வைத்துவிடும்.

ஓடையை நான் முழுக்க விட்டுவிடவில்லை. போகிற அன்று நாளின் முதல் வேலையாகப் போகிறேன். டிஃபரன்ஷியல் இன்னும் சூடேறியிருக்காது, தண்ணீர் கலங்கியிருக்காது, கரையும் சகதியாகியிருக்காது. எதிர்க்கரை ஏறியதும் பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து உலர்த்திக்கொண்டு மேட்டுத் தடத்துக்குத் திரும்பிவிடுகிறேன். மீதி நாள் முழுவதும் அங்கேதான்.