தினசரிப் புழக்கத்தில் பழைய போன் சைனா: முதலில் தேய்வது தங்கம்தான்

பழைய ஆங்கிலேய போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்) கப்பை அலமாரியில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. 1790களில் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் பீங்கான் தயாரிப்பாளர் ஜோசையா ஸ்போட் செம்மைப்படுத்திய கலவை அது: ஏறக்குறைய பாதி மாட்டெலும்புச் சாம்பல், மீதி சீனக் களிமண்ணும் கார்ன்வால் கல்லும். சுவர் மெல்லிசு, ஆனால் பார்ப்பதைவிடக் கெட்டி.

தோற்பது மேலே தீட்டிய தங்க வேலைப்பாடு. கண்ணாடி போன்ற மெருகுப் பூச்சைச் சுட்டு முடித்த பிறகு, அதைவிடக் குறைந்த சூட்டில் மேலே ஒட்டவைக்கப்படுவதால், உரசல் நேராகத் தங்கத்தில்தான் படும். உதடு படும் விளிம்பு, கைப்பிடியின் மேல்வளைவு, கப்பின் அடி உரசும் சாசர் குழி ஆகிய மூன்று இடங்களிலும் முதலில் வெளுக்கும். ராயல் கிரௌன் டர்பி நிறுவனத்தின் 1128 இமாரி போன்ற தங்கம் நிறைந்த வடிவங்கள் விருந்துக்குத்தான். அன்றாடத்துக்கு, 1896இல் ரோலண்ட் மோரிஸ் வடிவமைத்த ஷெல்லி நிறுவனத்தின் ஆறு மடிப்பு 'டெய்ன்டி' வடிவக் கப்பைத்தான் பரிந்துரைப்பேன். அதிலும் தங்கம் குறைந்ததாகப் பாருங்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரம் கூடாது: அதன் காரத்தூள் தங்கத்தையும் மெருகின் மேல் தீட்டிய வண்ணங்களையும் அரிக்கும். மைக்ரோவேவில் தங்கம் பொறி பறக்கும். தொட்டியில் துண்டு விரித்து, மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். தேயிலைக் கறைக்குச் சமையல் சோடாவை நீரில் குழைத்து, உட்புறம் மட்டும் விரலால் தேய்த்தால் போதும், தங்கத்தில் படக்கூடாது. பிளீச் வேண்டவே வேண்டாம். மெருகில் விரிசல் இருந்தால் உள்ளே இறங்கி, காயும்போது உப்பாகப் பூத்து மெருகையே உரித்துவிடும்.

கொதிக்கும் தேநீர் ஊற்றுமுன் வெந்நீரில் கப்பை அலசிவிடுங்கள். கைப்பிடியைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டால் முழுப் பாரமும் கைப்பிடி கப்போடு ஒட்டும் இடத்தில் விழும். கப்பின் மேல் கப் அடுக்கவும் கூடாது. பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கலாம், எனவே எலுமிச்சைத் தேநீரை அதில் ஊறவிடாதீர்கள்.

வாங்கும்போது கப்பை விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் எங்கோ விரிசல். உள்ளே டார்ச் அடித்தால் மயிரிழை விரிசல் கருங்கோடாகத் தெரியும். ஒட்டுப்போட்டு நிரப்பிய இடத்தில் ஒளி ஊடுருவாது. அடிமுத்திரையையும் படியுங்கள். 'இங்கிலாந்து' என்ற சொல் பெரும்பாலும் 1891இன் அமெரிக்க இறக்குமதிச் சட்டத்துக்குப் பின் வந்தது. 'போன் சைனா' என்றே அச்சிட்டிருந்தால் அது 20ஆம் நூற்றாண்டுப் பொருள். அதற்கு விக்டோரியா காலப் பொருளுக்கான விலை கொடுக்காதீர்கள்.