எஸ்இலினக்ஸை அணைக்காமல் ஓட்டிய அனுபவம்

சர்வரில் ஏதாவது ஓடவில்லை என்றால் உடனே கிடைக்கும் வைத்தியம், 'எஸ்இலினக்ஸை அணைச்சிடு'. லினக்ஸில் வழக்கமான அனுமதிகளுக்கு மேல் இன்னொரு காவலாக இருக்கும் பாதுகாப்பு அமைப்பு அது. பல வருடங்களாக அதை அணைக்காமலே வெப் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். பயமுறுத்துகிற அளவுக்குத் தொல்லை இல்லை. வருகிற தொல்லையும் பெரும்பாலும் அது கோப்புகளில் ஒட்டும் அடையாளமான லேபிளில்தான்.

வழக்கமான லினக்ஸ் அனுமதியில் கோப்பின் சொந்தக்காரர் நினைத்தால் யாருக்கும் திறந்துவிடலாம். தலைமை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கோ கேள்வியே கிடையாது. எஸ்இலினக்ஸில் ஒவ்வொரு புராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) ஒவ்வொரு கோப்புக்கும் லேபிள் உண்டு. எது எதைத் தொடலாம் என்பதை பாலிசி என்ற விதித்தொகுப்பு முடிவு செய்யும். அதில் இல்லாதது ரூட்டாக ஓடும் புராசஸுக்கும் கிடைக்காது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2000-இல் வெளியிட்ட இது, 2003-இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2.6 பதிப்போடு சேர்ந்தது. ஆண்ட்ராய்டு 5.0 முதல் போன்களிலும் முழுமையாக அமலில் இருக்கிறது. யாரும் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அடிக்கடி பார்ப்பது இது: ஹோம் டைரக்டரியில் தயாரித்த பக்கத்தை 'எம்வி' போட்டு வெப் டைரக்டரிக்கு நகர்த்துவார்கள். பிரவுசரில் 403, அதாவது அனுமதி மறுப்பு. அனுமதிகள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் பார்த்தால், கோப்பில் இன்னும் ஹோம் லேபிள்! 'எம்வி' பழைய லேபிளைக் கூடவே இழுத்து வரும். நகலெடுக்கும் 'சிபி' போட்டிருந்தால் புதிய இடத்தின் லேபிள் வந்திருக்கும். இடத்துக்கு ஏற்ற லேபிளைத் திரும்பப் போடும் 'ரீஸ்டோர்கான்' ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும்.

எனக்குப் பிடிக்காதது 'ஆடிட்டூஅலவ்' பழக்கம். லாகில் (நிகழ்வுப் பதிவில்) மறுக்கப்பட்டதாக இருப்பதை எல்லாம் அப்படியே அனுமதி விதியாக மாற்றித் தருகிற கருவி அது. அந்த புராசஸ் செய்ததே தப்பு என்றால்? திருடனுக்குச் சாவி வெட்டிக் கொடுத்த மாதிரி. முதலில் லேபிளைப் பாருங்கள், அப்புறம் பூலியன்களை, அதாவது பாலிசியிலேயே இருக்கும் ஆன்/ஆஃப் சுவிட்சுகளை. வெப் சர்வர் வெளியே இணைப்பு எடுக்கவேண்டும் என்றால் அதற்கென்றே ஒரு பூலியன் தயாராக இருக்கிறது.

லாகில் ஒன்றுமே இல்லாமல் மறுக்கப்படுவதும் உண்டு. சில மறுப்புகளைப் பதியவேண்டாம் என்று பாலிசியே சொல்லியிருக்கும். புதியவர்களை அலைக்கழிப்பது இதுதான். அவர்களுக்கு, உபுண்டு லினக்ஸில் இதே மாதிரி வேலையைச் செய்யும் ஆப்ஆர்மர் எளிது. கோப்புப் பாதையை வைத்தே விதி எழுதுவதால் படித்தாலே புரியும்.

அவசரத்துக்குத் தளர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் சிக்கல் தரும் புராசஸின் டொமைனை (அதன் லேபிள் வகையை) மட்டும் பெர்மிசிவ் ஆக்கலாம், அதாவது தடுக்காமல் லாகில் மட்டும் பதியவிடலாம். அடியோடு அணைத்துவிட்டால் அதன்பின் உருவாகும் கோப்புகளுக்கு லேபிளே இருக்காது. திரும்ப இயக்கும்போது டிஸ்க் முழுக்க லேபிள் போட்டு முடியும்வரை காத்திருக்கவேண்டும்.